யானைக்கு இரண்டாவது கையெழுத்து

மார்கழி மாதத்து அவரைக்காய்க்கு ஒரு வாசனை உண்டு. பனியில் நனைந்திருக்கும்போதே பறித்துச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மூன்று மணி நேரம் கழித்து அவிழ்த்தால், பச்சை வாசமும் நெய் வாசமும் கலந்து குப்பென்று கிளம்பும். அதோடு, வாரம் முழுக்க ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றி வந்த ஓர் ஆம்னி வேனின் புளித்த வாசனையையும் சேர்த்துக்கொண்டால், அதுதான் என் பத்து வயதுக் குளிர்காலம். இப்போதும் ஓசூர்க் கடைத்தெருவில் அவரைக்காய்க் குவியலைக் கண்டால் கால் தானாக நின்றுவிடுகிறது, காய்க்கார அம்மா "எவ்ளோ போடட்டும்?" என்று கேட்ட பிறகுதான், நான் வாங்க வந்தவள் இல்லை, மோந்து பார்க்க வந்தவள் என்பது எனக்கே உறைக்கும்.

நாங்கள் பிறவி ஓசூர்க்காரர்கள் இல்லை. அப்பா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்தவர், அம்மா தனலட்சுமி அவர் பின்னால் வந்தவள், அண்ணன் செந்திலும் நானும் இங்கே வந்து வளர்ந்தவர்கள். வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு, வாயைத் திறந்தால் புகை வருகிற இந்த ஊர்க் காலை நேரம் பல வருடங்கள் வரை ஆச்சரியமாகவே இருந்தது. "பல்லு வெளக்கக் கூட பயமா இருக்குடி, தண்ணி கடிக்குது" என்பாள். எங்கள் லைன் வீட்டில் அடுத்த வாசல் முனிராஜ் மாமாவுடையது. தக்காளி வேன் அவருடையதுதான். வீட்டில் தெலுங்கு, சுமை இறக்குபவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் மூன்றும் கலந்த ஒரு மொழி என்று வாழ்ந்த மனிதர்.

அவருடைய அக்காவை அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுத் தோட்டத்து அவரைக்காயை மூட்டை கட்டி எடுத்துவர மாமா போவார். "காலி வண்டிதான் போவுது சார், கொழந்தைங்களயும் கூட்டினு ஏறிக்கோங்க" என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் யானைப் பயணம். பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டிருந்த வண்டி அது. கோணிப்பையை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து, அம்மா நடுவிலும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலிலுமாக உட்கார்ந்துகொள்வோம். விடிந்து பனி இன்னும் விலகாத நேரத்தில் தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் ராகி அறுப்பு நடந்துகொண்டிருக்கும். அறுத்த கதிரை ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள், போகிற வருகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறிப் போனால் கதிர் தானாக உதிர்ந்துவிடும். அந்த மெத்தை மேல் வண்டி ஏறும்போது சத்தம் அடங்கி மிதக்கிற மாதிரி இருக்கும். "கூலி குடுக்காம நம்மளப் போரடிக்க விட்டுட்டானுங்க பாத்தியா" என்று மாமா ஒவ்வொரு முறையும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

ராகி முற்றுகிற நேரத்தில்தான் கர்நாடகா பக்கத்துக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வரும். வயலுக்கு வயல் பரண் கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு ஆட்கள் காவல் இருப்பார்கள். காட்டுக்குள் நுழைந்ததும் மாமா ஒரு சட்டம் போடுவார். யானை என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது, "பெரியவங்க" என்றுதான் சொல்ல வேண்டும்.

"பேரச் சொன்னா வந்துருவாங்க."

"அதுக்குத்தானே மாமா போறோம்? ஒருவாட்டி சத்தமா கூப்பிட்டுப் பாப்போமா?" என்பான் செந்தில் அண்ணன்.

"நீ எறங்கி நின்னு கூப்புடு ராஜா, நாங்க வண்டிய எடுத்துக்கறோம்" என்பார் மாமா.

அப்பா ஒரு சட்டம் போட்டார், அதுதான் என்னை மாட்டிவிட்டது. அவருக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. என்ஜினுக்குப் போகிற பாகங்களை எடுத்து, திருப்பி, விளக்கொளியில் காட்டி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஓகே போடுகிற வேலை. அங்கே ஒருவர் பார்த்தால் போதாது, இரண்டாவதாக ஒருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீணான இன்ஸ்பெக்‌ஷன் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் கோடு போட்டு, நேரம், இடம், விலங்கு, பார்த்தவர், உறுதி செய்தவர் என்று ஐந்து கட்டம் பிரித்து, அட்டையில் கிளிப் மாட்டி வண்டியில் வைத்திருப்பார். மான் கண்டாலும் மயில் கண்டாலும் இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் அது கணக்கில் சேரும். "ஒத்த ஆளு பாத்ததெல்லாம் பாத்ததே இல்ல" என்பார். ஒருவர் மட்டும் பார்த்து மற்றவர் பார்க்காமல் போனதற்கு "ரீவொர்க்" என்று எழுதி, திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி தேடச் சொல்வார். மான் என்ன, நமக்காக மதியம் வரை அங்கேயே நின்றுகொண்டிருக்குமா? ஆனால் நாங்கள் உண்மையாகவே தேடினோம்.

பார்த்தவர் கட்டத்தில் பெரும்பாலும் அண்ணன் பெயர்தான். அவனுக்கு என்ன கண்ணோ, ஓடுகிற வண்டியிலிருந்து மூங்கில் புதருக்குள் நிற்கிற காட்டெருமையின் கொம்பைச் சொல்வான். நான் உறுதி செய்தவர் கட்டத்துக்காரி. அவன் "அதோ" என்றதும் "ஆமா, ஆமா, காத ஆட்டுது!" என்று கத்தி, பேனாவைப் பிடுங்கி, கவிதா என்று வால் நீட்டிக் கையெழுத்துப் போடுவேன். அம்மாவும் சில சமயம் போடுவாள்.

உண்மை என்னவென்றால், ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் பயணத்தில் நான் நேர்மையாகத்தான் இருந்தேன், அண்ணன் யானையைக் காட்டியபோது "எங்கே?" என்று கேட்டேன், "அவ்ளோ பெரிய உருவம் தெரியலையா, கழுத!" என்று அவன் உருண்டு உருண்டு சிரித்தான், அப்பாவும் சிரித்தார், மாமா கூட ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அடுத்த முறையிலிருந்து "ஆமா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். என் கண்ணுக்கு ரோட்டோரத்துக்கு அப்பால் எல்லாமே பச்சைக் கரைசல், அதில் அங்கங்கே கறுப்புத் திட்டு. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்றும், அந்தத் திட்டுகளைப் பார்த்து யார் முதலில் தைரியமாகப் பெயர் சொல்கிறார்களோ அவர்களே கெட்டிக்காரர்கள் என்றும் நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எனக்குத் தைரியம் போதவில்லை என்பதுதான் என் கவலையே தவிர, கண் போதவில்லை என்று தோன்றவே இல்லை. இந்தக் குட்டு வெளிப்பட்டால் அடுத்த ஞாயிறு என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் மட்டும் தூக்கத்திலும் இருந்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. அஞ்செட்டிக்குப் போகிற மலை ரோட்டில், இரண்டு பக்கமும் மூங்கிலும் உண்ணிச்செடியும் அடைத்துக் கிடந்த ஒரு வளைவில், வலது முன் டயர் பஞ்சரானது. மாமா கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினார், அப்பா ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ரோட்டுப் பக்கம் குனிந்துவிட்டால் காட்டுப் பக்கத்தை வண்டியே மறைத்துவிடும். மாமா எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். அண்ணன் முன்பக்கம், அம்மா பின்பக்கம், நான் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு காட்டுப் பக்கம். அப்பாவுக்கு உடனே கம்பெனி நினைவு வந்துவிட்டது. நட்டைக் கழற்றிக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தார்.

"ஃப்ரன்ட்?"

"கிளியர்!" என்றான் அண்ணன்.

"பேக்?"

"கிளியருங்க" என்றாள் அம்மா.

"லெஃப்ட்?"

"கிளியர்!" என்றேன் நான், எல்லோரையும் விடச் சத்தமாக.

எனக்கு முன்னால் பனி இருந்தது, பனிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திட்டு. வழியெல்லாம் பாறை பார்த்து வந்திருந்ததால் அதையும் பாறை என்று முடிவுகட்டினேன். இரண்டாம் முறை அப்பா கேட்டபோது அந்தப் பாறை கொஞ்சம் இடம் மாறியிருந்தது போல இருந்தது. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேனே ஒழிய, பாறையைச் சந்தேகப்படவில்லை. "கிளியர்!" என்றேன். மூன்றாம் முறையும் "கிளியர்!" என்றேன். அப்போது என் மடியிலிருந்த முறுக்கில் பாதியைத் திருடுவதற்காக அண்ணன் இந்தப் பக்கம் திரும்பினான்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூட நான் பயந்திருக்க மாட்டேன். வாயைத் திறந்தான், சத்தமே வரவில்லை, என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். பிறகு "மாமா... பெரியவங்க... குட்டியோட" என்று காற்றாகச் சொன்னான். மாமா வண்டிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"கம்முனு ஏறுங்க. சார், ஏறுங்க. கதவச் சாத்தாதீங்க, சத்தம் வரும்" என்றார்.

ஸ்டெப்னியில் இரண்டு நட்டுதான் ஏறியிருந்தது. ஜாக்கியை இறக்கி, பழைய டயரோடு அதையும் ரோட்டிலேயே விட்டுவிட்டு, மாமா வண்டியை எடுத்தார். அது முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது, அந்த வண்டியின் ஆயுளில் அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று பின்னால் சொல்லுவார். அம்மா எங்கள் இரண்டு தலைகளையும் தன் மடியில் போட்டு அமுக்கிக்கொண்டாள். தாய் யானை நாலு எட்டு முன்னால் வந்து, மண்ணைக் காலால் தேய்த்து, குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டதாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பாவம், அது அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவையெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அஞ்செட்டியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியதும் மாமா மீதி நட்டுக்கு ஆள் தேடிப் போனார். அப்பா என்னைக் கடைக்கு வெளியே கூட்டிப்போனார். அடி விழும் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"கவி, அந்த பஸ்ஸுல என்ன ஊருன்னு போட்டிருக்கு?"

எந்த பஸ் என்றே எனக்குத் தெரியவில்லை. "தேன்கனிக்கோட்டை" என்றேன், குருட்டாம்போக்கில்.

"அந்தக் கடைப் போர்டுல?"

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன்.

"நெசத்தச் சொல்லு தாயி. நான் அடிக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "எப்பவுமே தெரியாதுப்பா. யானையும் தெரியாது, மானும் தெரியாது. எல்லாக் கையெழுத்தும் பொய். என்னய வீட்ல விட்டுட்டுப் போயிராதீங்க."

அப்பா கடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "முடி அளவு கீறலக்கூட கம்பெனியில நான் தப்ப விட்டதில்ல. எம்புள்ள கண்ண நான் பாக்கவே இல்லயே" என்றார். அவர் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அண்ணன் வந்து, மீதி முறுக்கை முழுசாக என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

பொங்கல் கழிந்த கையோடு கண்ணாடி வந்தது. கறுப்புச் சட்டம், முகத்தில் பாதி அதுதான். பள்ளிக்கூடத்தில் "சோடாபுட்டி" என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்! அடுத்த ஞாயிறு அதே வேனில், அதே ஜன்னலில் உட்கார்ந்து நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? மரம் என்பது ஒரு பச்சை மூட்டை இல்லை, தனித்தனி இலைகள் என்று தெரிந்தது. எதிர் மலையில் வெட்டிய பாதை தெரிந்தது. ராகி வயலில் பரண் மேல் போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் டீ ஆற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. "அப்பா, அங்க ஒருத்தங்க டீ ஆத்துறாங்க!" என்று கத்தினேன். அப்பா உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி, தாளை எடுத்து, விலங்கு என்ற கட்டத்தில் "டீ ஆற்றும் அக்கா" என்று எழுதி, பார்த்தவர் கட்டத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். உறுதி செய்தவர், முனிராஜ் மாமா. பஞ்சரான வளைவில் எங்கள் ஜாக்கி விட்ட இடத்திலேயே கிடந்தது, டயரும் கிடந்தது. அந்த இடத்தில் யார் இறங்கி எடுக்கப் போகிறார்கள்?

அன்று மதியம் திரும்பும்போது ஒரு குட்டையில் ஏழு யானைகளைப் பார்த்தேன். நானாகப் பார்த்தேன், அண்ணனுக்கு முந்திப் பார்த்தேன். அதிலே ஒன்று தும்பிக்கையால் தன் முதுகில் சேறு பூசிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிசு, கடவுளே! இதையா இத்தனை நாளும் பாறை என்று விட்டேன் என்று சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

இப்போது அந்த ரோட்டில் நான்தான் காரை ஓட்டுகிறேன். முனிராஜ் மாமா வேனை விற்றுவிட்டு ராயக்கோட்டைப் பக்கம் போய்விட்டார். தேன்கனிக்கோட்டை வரை ராகி விளைந்த இடங்களில் மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் ரோஜா வளர்க்கிற வெள்ளைக் கூடாரங்கள். ரோட்டில் கதிர் பரப்புகிறவர்கள் அபூர்வம், மெஷின் வந்து வயலிலேயே முடித்துவிடுகிறது. யானை எங்கே நிற்கிறது என்பது காலையிலேயே போனில் வந்துவிடுகிறது. இதையெல்லாம் நினைத்து நான் ஒப்பாரி வைப்பதில்லை. பஞ்சரானாலும் சட்டென்று காற்று இறங்காத டயர் வந்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு ஒரு மானை நின்று பார்க்க இப்போது யாருக்கும் நேரம் இல்லை.

போன மார்கழியில் அண்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ரிட்டையரான அப்பா முன் சீட்டில், அம்மாவும் அண்ணனும் பின்னால். அஞ்செட்டி இறக்கத்தில் அண்ணன் "கவி, நிறுத்து, எதுத்தாப்பல சரிவுல பாரு" என்றான். ஓரமாக நிறுத்தினேன். "எனக்குத் தெரியல, எங்கன்னு சரியாச் சொல்லு" என்றேன். டீக்கடை வாசலில் அழுத நாளிலிருந்து இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. அவன் மரம் காட்டி, பாறை காட்டி, வழி சொன்னான். ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று, வெயில் காய்ந்துகொண்டு நின்றது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

"தெரியுதாம்மா?" என்றேன், பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து.

"ஆமா, ஆமா" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "எனக்கும் தெரியலடி" என்றாள்.

"வயசாச்சுல்ல, கண்ணு மங்கும்" என்றார் அப்பா.

"வயசெல்லாம் இல்ல. அப்பவே தெரியாது. இவளுக்குக் கண்ணாடி வாங்கப் போனோமே, வீட்ல யாருக்காவது இப்படி இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. சொல்லலாம்னு வாயெடுத்தேன், நீங்க முந்திக்கிட்டு யாருக்குமே இல்ல சார்னுட்டீங்க. சரி, சோறு பொங்க, பூ கட்ட, கிட்டப் பார்வை போதும்னு விட்டுட்டேன்."

இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள் என்று ஊரெல்லாம் அம்மாவைப் பற்றிப் பெருமையடித்தவர்கள் நாங்கள்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். "அடியே, அன்னைக்கு பஞ்சராகி நின்னப்ப பின்பக்கம் நின்னது யாரு?"

"நான்தான்."

"கிளியர் கிளியர்னியே, எதப் பாத்துச் சொன்ன?"

"எதப் பாத்தேன்? ஏதாவது சத்தம் வருதான்னு காதக் குடுத்துட்டு நின்னேன். பயந்து செத்தேன்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நாளைக்கு விடிந்ததும் கண்ணாஸ்பத்திரிதான், மறு பேச்சே கிடையாது என்றார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் பொய்யை ஒரே பஞ்சரில் கண்டுபிடித்த வீடு, அவளுடையதை இத்தனை வருஷம் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளைத் தவிர அறிந்தவள் நான் ஒருத்திதான்.

"அப்ப இத்தன வருஷமா வண்டியில எதத்தாம்மா பாத்துட்டு வந்த?" என்றான் அண்ணன்.

"உங்க மூணு பேரு மொகத்தத்தான்" என்றாள் அம்மா. "பக்கத்துல இருக்குல்ல, நல்லாத் தெரியும். யானையப் பாத்ததும் உங்கப்பா மொகம் எப்படி ஆகும், உங்க மொகம் எப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்கல்லாம் வெளியில பாத்துட்டு இருந்தீங்க."